வீரன் யாரு புள்ள?

எங்கள் சேரி வீராணம் ஏரிக்கரையில், காட்டுமன்னார்கோவிலிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது. சாயங்காலம் மன்றத்துக் கொட்டகையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்கும் இங்கிலீசும் முடிந்த பிறகு கடைசி முக்கால் மணி நேரம் கதை. ஒரு ஆள் சத்தம்போட்டு வாசிக்கணும், மத்தவங்க கேக்கணும். தொண்டை காய்ந்தால் புத்தகம் அடுத்த ஆள் கைக்குப் போகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வந்த பெண்களும் சோறு வேகிற நேரத்தில் வந்து வாசப்படியில் உட்காருவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. கதை தெரியும்.

எதை வாசிப்பது என்பதில்தான் சண்டை. பிள்ளைகள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள், சரித்திரக் கதைதான் வேணும் என்று. குதிரை வேணும், கத்தி வேணும், சுரங்கம் வேணும், ராத்திரியில் யாராவது மதில் ஏறிக் குதிக்கணும். இயக்கத் தோழர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. 'அரசியல் சொல்லித்தர வேண்டிய நேரத்துல ராசா கதையா படிக்கறீங்க?' என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு வேறு ஒரு ஆற்றாமை இருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் எங்கள் பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொள்கிற இடம் எது? தீண்டாமை பாவம், குற்றம் என்று முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிற அந்த மூன்று வரிதான். அதில் நாம் இரக்கப்பட வேண்டிய ஆட்கள். மற்ற பக்கங்களிலெல்லாம் வேறு யாரோ குதிரை ஓட்டுகிறார்கள். சேரிப் பிள்ளைக்குச் சாகசம் கூடாதா? கற்பனையில்கூடக் குதிரை ஏறக் கூடாதா?

2022-இல் பொன்னியின் செல்வன் சினிமா வந்ததும் சண்டை தானாகத் தீர்ந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் 'அந்தப் புத்தகத்தப் படிக்கலாங்க்கா' என்றார்கள். கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்த கதை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் வாரம்தோறும் ஊரே கூடிக் கேட்டதாகச் சொல்வார்கள். 'ஊரே' என்றால் ஊர்தான், சேரி இல்லை. பழைய புத்தகக் கடையில் ஐந்து பாகத்தையும் வாங்கிக்கொண்டு வந்து ஆரம்பித்தோம்.

ஆரம்பித்த அன்றைக்குக் கொட்டகையில் இருந்த குதூகலத்தை நான் மறைக்க விரும்பவில்லை. கதை தொடங்குவதே எங்கள் ஏரியில்தான். ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது எங்கள் பிள்ளைகள் குளிக்கிற, மாடு கழுவுகிற கரையில். பிறகு அவன் போவது கடம்பூர் மாளிகைக்கு. கடம்பூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். 'அக்கா, நம்ம ஏரிக்கா!' என்று ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான். அடுத்த நாளே கரையில் குச்சியை வைத்துக்கொண்டு ரெண்டு பேர் கத்திச்சண்டை. ஆழ்வார்க்கடியான் மாதிரி கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கல்கிக்குக் கதை சொல்லத் தெரியும், அதை இல்லையென்று சொல்லி நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சத்தம்போட்டுப் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தனியாகப் படிக்கிறவன் பிடிக்காத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். கூட்டத்தில் படிக்கிறவள் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும், சொன்னதும் எதிரில் இருக்கிற முகங்களைப் பார்க்கவேண்டும். ஏழாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: 'ஏங்க்கா, இந்த ஏரிய யாரு வெட்டுனது?' முதலாம் பராந்தகனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம், அந்தப் பேரில் அவன் மகன் ராசாதித்தன் வெட்டியது, ராசாதித்தன் 949-இல் தக்கோலத்துச் சண்டையில் யானை மேலேயே செத்தான் என்று சொன்னேன். 'அவுரே மம்பட்டி புடிச்சாரா?' என்றாள். வாசப்படியில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பத்து மைல் நீளத்துக்குக் கரை போட்டிருக்கிறது. மண் சுமந்தவர்கள் பேர் ஒரு கல்லிலும் இல்லை. 2004-லிருந்து அந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது.

'அப்ப நம்ம சனங்க எங்கக்கா இருந்தாங்க, வந்தியத்தேவன் போறப்ப?' இது அடுத்த கேள்வி. ஐந்து பாகத்திலும் தேடினாலும் இதற்குப் பதில் கிடைக்காது. கல்வெட்டில் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராசராசன் கொடுத்த ஊர்களின் கணக்கை ஹுல்ட்ஷ் படித்துப் பதிப்பித்திருக்கிறார். கோயிலுக்கு வரி கட்டவேண்டிய நிலம் எவ்வளவு என்று காட்டுவதற்காக, வரி இல்லாத நிலங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துக்கொண்டே போகிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகிற அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் வருசத்துக்கு முந்தி நாம் இருந்த இடம் அதுதான், கழித்துவிட்ட கணக்கில். 2019-இல் இயக்குநர் பா. ரஞ்சித் ராசராசன் காலத்தை இருண்ட காலம் என்று ஒரு கூட்டத்தில் பேசியதற்காக வழக்குப் போட்டார்கள். கல்வெட்டின் மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

இந்தக் கல்வெட்டைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். ஆடிப் பாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் போய், நீங்க அப்பவும் தீண்டாச்சேரிதான் என்று சொல்வது கொடுமையாக இருந்தது. கடைசியில் வாசித்தேன். நான் பயந்த மாதிரி யாரும் அழவில்லை. 'அப்ப நம்ம தெரு ஆயிரம் வருசத்துத் தெருவா?' என்று ஒரு பையன் கேட்டான், ஏதோ பெருமையாக. குழந்தைகள் நம்மைவிட வேறு மாதிரிக் கேட்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். காட்டுமன்னார்கோவில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்பதுதான் பொன்னியின் செல்வனின் பெரிய மர்மம். பிள்ளைகள் அதைப் பற்றி வாரக்கணக்காகப் பந்தயம் கட்டியிருந்தார்கள். கொன்றவர்களின் பேர் இந்தக் கோயில் சுவரில் இருக்கிறது. ராசராசனுடைய 2-ஆம் ஆட்சியாண்டில் எழுதிய ஓலை அது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பேரைச் சொல்லி, இந்தத் துரோகிகளின் நிலத்தையும் இவர்கள் உறவினர்களின் நிலத்தையும் பறிமுதல் செய்து விற்கச் சொல்கிறது. பிரமாதிராசன் என்பது பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பட்டம். ஓலை வந்ததும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குத்தான். கல்கியின் கதையில் ரவிதாசன் ஒரு மந்திரவாதி. சுடுகாட்டுச் சாம்பலும் ஆந்தைக் குரலுமாக இருட்டில் திரிகிற ஆள். பட்டம் பெற்ற அதிகாரி எப்படி மந்திரவாதி ஆனார் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். 'பாக்க பயமா இருக்கணும்ல, அதுக்குத்தான்' என்றான் ஒருவன். எம்.ஏ.யில் நாவல் இலக்கியம் தாளில் இந்தக் கதைக்குப் பதினாறு மதிப்பெண் கேள்வி எழுதியவள் நான். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இந்தச் சுவரைப் பற்றி வகுப்பில் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இதைப்பற்றி இல்லை. ஐந்தாம் பாகத்தில் நடந்ததைப் பற்றி.

சேந்தன் அமுதன் என்று ஒருத்தன் கதையில் வருகிறான். தஞ்சாவூரில் பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிற ஊமைத்தாயின் மகன், குடிசையில் இருப்பவன், சாது, நல்லவன். எங்கள் பிள்ளைகளுக்கு வந்தியத்தேவனுக்கு அடுத்தபடி அவனைத்தான் பிடித்தது. படகு ஓட்டுகிற பூங்குழலி அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பொம்பளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆசை. ஒருநாள் பார்த்தால் அமுதன் குடிசையில் பிறந்தவனே இல்லை. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த நிசமான இளவரசன் அவன்தான், பிள்ளை மாறிப்போய்விட்டது. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனோ இன்னொரு ஊமைப் பெண்ணின் மகன். அவன் கோழை, பொறாமைக்காரன், கடைசியில் சதிகாரர்களோடு போய்ச் சேருகிறான். ரத்தம் எங்கே இருந்தாலும் தன் குணத்தைக் காட்டிவிடுமாம். அமுதன் உத்தம சோழனாக முடி சூட்டிக்கொள்கிறான்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். வாசப்படியிலிருந்து ஒரு ஆயா மட்டும் கை தட்டவில்லை. 'இது நம்ம மருத வீரன் கதயில பண்ண வேலையால்ல இருக்குது' என்றது.

அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. பெரிய எழுத்து மதுரை வீரன் கதையை நம்மில் பலபேர் கேட்டு வளர்ந்திருப்போம். ரத்தின நாயகர் கம்பெனி போட்ட தாள் பழுப்பேறிய புத்தகம், திருவிழாக் கடையில் விற்கும். ஆயாவின் சின்ன வயசில் தெருவுக்கு ஒருத்தர்தான் எழுத்து தெரிந்தவர். சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு அவர் ராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து கேட்கும். அதாவது நாங்கள் என்னவோ புதுசாக ஆரம்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்த இந்தக் கூட்டு வாசிப்பு சேரியில் எப்போதோ இருந்ததுதான். அதுவும் சரித்திர சாகசக் கதைதான். வீரன் பொம்மண நாயக்கர் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு வருகிறான், ஆற்றைத் தாண்டுகிறான், படையோடு சண்டை போடுகிறான், மதுரைக்குப் போய்க் கள்ளரை அடக்குகிறான், வெள்ளையம்மாளை விரும்பியதால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். எந்த வந்தியத்தேவனுக்குக் குறைச்சல்? அவன் சக்கிலியர் வீட்டுப் பிள்ளை. சின்னான், செல்லி வளர்த்த பிள்ளை.

'வளர்த்த' என்கிற சொல்லைக் கவனியுங்கள். அச்சுப் புத்தகத்தில் அவன் காசி ராசாவுக்குப் பிறந்தவன். மாலை சுற்றிப் பிறந்தான், சோசியன் ஆகாது என்றான், காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், பாம்பு குடை பிடித்தது, சின்னான் எடுத்து வந்தான். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் இதே கதைதான். என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் எடுத்து வளர்க்கிற தம்பதி. ராசா மகளைக் காதலிக்கவும் குதிரை ஏறவும் கத்தி பிடிக்கவும் சக்கிலியன் வயிற்றில் பிறந்தவனுக்கு எப்படித் தைரியம் வரும்? வராது, ஆகவே பிறப்பை மாற்று. காத்தவராயன் பறையர் வீட்டில் வளர்ந்து ஆரியமாலையை விரும்பிக் கழுவேறினான். அவனும் சிவன் பிள்ளையாம், சாபத்தால் வந்தானாம். செத்த பிறகு சாமியாக்குகிறார்கள், அதற்கு முன்னால் சாதியை மாற்றிவிடுகிறார்கள். நா. வானமாமலை கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது இந்தப் பிறப்பு மாற்றத்தைக் கண்டு எழுதினார். அவருக்கு ஏட்டில் கிடைத்தது எங்கள் ஆயாவுக்குக் காதில் கிடைத்திருக்கிறது.

'அப்ப மருத வீரன் நம்மாளு இல்லியா?' என்று எட்டாவது படிக்கிற பையன் கேட்டான். அவன் அருந்ததியர் தெருவிலிருந்து வருகிறவன். எங்கள் கொட்டகைக்கு வருகிற ரெண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன். அந்தத் தெருப் பிள்ளைகள் இங்கே வருவதற்கே எங்கள் ஆட்களோடு நான் பேச வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தை இங்கே பதிவு செய்கிறேன். நான் பதில் யோசிப்பதற்குள் ஆயா சொல்லிவிட்டது: 'யார்றா சொன்னது? ராசா பெத்தான்னு பொஸ்தகத்துலதான் இருக்குது. செல்லி பெத்த புள்ளடா அவன். எங்க பாட்டி அப்பிடித்தான் சொல்லும்.'

அன்றையிலிருந்து கதையைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளே ஒரு சோதனை வைத்துக்கொண்டார்கள். புதுசாக ஒரு கதை வந்தால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வார்கள். 'பொறப்ப மாத்துறாங்களான்னு பாருக்கா.' கதையின் ருசி கெட்டுப்போகாதா என்று கேட்கலாம். கெட்டுத்தான் போகிறது. ஆனால் ஏமாந்த பிறகு வருகிற கசப்பு அதைவிட மோசம்.

முத்துப்பட்டன் கதை இந்தச் சோதனையில் தேறியது, பாதிதான். பட்டன் பிராமணன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டுப் பூணூலையும் குடுமியையும் அறுத்துப்போட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களைக் கட்டுகிறான். மாடு பிடிக்க வந்த கள்வர்களோடு சண்டைபோட்டுச் சாகிறான். மேலிருந்து கீழே இறங்கி வருகிற கதை, நமக்கு வேண்டிய கதை என்று சந்தோசப்பட்டேன். ஆனால் அதற்கும் இன்னொரு பாடம் உண்டு. அதில் அந்தப் பெண்கள் பிராமணர் பெற்றுக் காட்டில் விட்ட பிள்ளைகள், பகடை எடுத்து வளர்த்தவர். விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டு பாடத்தையும் அடுத்தடுத்த நாளில் வாசித்தோம். பிள்ளைகள் முதலாவதற்கு ஓட்டுப் போட்டார்கள்.

நந்தன் விசயத்தில்தான் கொட்டகை ரெண்டாகப் பிரிந்தது. கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்து சிதம்பரத்தில் தீயில் இறங்கியவர் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடுகிறார். எங்களுக்கு ரெண்டுமே பக்கம். தீயிலிருந்து அவர் எப்படி வெளியே வருகிறார்? பூணூல் போட்ட முனிவராக. வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பை மாற்ற அரண்மனைத் தாதி கிடைக்காத இடத்தில் நெருப்பு அந்த வேலையைச் செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனை எழுதியபோது ஒரு வேதியரைப் பண்ணையாராக உள்ளே கொண்டுவந்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஆள் அவர். அதனால் பண்ணையடிமை வாழ்க்கை கொஞ்சம் வெளியே தெரிந்தது என்பதை மறுக்க முடியாது. முடிவு மாறவில்லை.

நான் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியதை வாசித்தேன். 1907-இல் ஒரு பைசாத் தமிழன் பத்திரிகையைத் தொடங்கியவர். இந்திரர் தேச சரித்திரத்தில் அவர் சொல்கிற நந்தன் பௌத்த அரசன். வேசப் பிராமணர்கள் சூழ்ச்சி செய்து அவனைக் கொன்றார்கள். 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் என் போன்றவர்களுக்கு இதெல்லாம் கையில் கிடைத்தது. கோட்டை இருக்கிறது, சூழ்ச்சி இருக்கிறது, பொறி இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்த ஏழாவது படிக்கிற பெண் விடவில்லை. 'இதுலயும் ராசாவா மாத்திட்டாங்களே அக்கா. நாத்து நட்டவரா இருந்தா ஆகாதா?'

எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு சொன்னேன். மதுரை வீரன் கதையில் ஒரு பிள்ளையை மட்டும் நம்மிடமிருந்து பிரித்து மேலே எடுத்துக்கொள்கிறார்கள், நம்மை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பண்டிதர் ஒருத்தனை மேலே தூக்கவில்லை. நாம் எல்லாருமே இழிந்தவர்களாகப் பிறக்கவில்லை, பிறகு ஆக்கப்பட்டோம் என்கிறார். ரெண்டும் ஒன்று இல்லை. இதைச் சொல்லும்போதே, அந்தப் பெண்ணின் கேள்வி முழுசாகத் தீரவில்லை என்றும் தெரிந்தது. இன்னொரு பக்கம், 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பேரில் பள்ளிக்கூடம் தொடங்கியதால் எழுத்து படித்த குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. அப்படி ஒரு பெரியப்பா கோபப்பட்டார். 'எந்த நந்தனாயிருந்தா என்ன, அந்தப் பேரால சோறு போட்டுப் படிக்க வெச்சாங்க. வாய மூடிக்கிட்டுப் படிங்க.' நந்தன் அன்றைக்கு முடியாமலே நின்றுபோனார்.

பிறப்பை மாற்ற முடியாத இடத்தில் என்ன செய்கிறார்கள்? பேரை எடுத்துவிடுகிறார்கள். கட்டபொம்மன் படையில் தளபதியாக நின்றவன் என்று தேவேந்திரர் மக்கள் கொண்டாடுகிற வீரன் சுந்தரலிங்கத்தின் பேரை 1997-இல் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தது. அந்தப் பேர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம். முடிவாக அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பேரையெல்லாம் மொத்தமாக எடுத்துவிட்டது. சரித்திரக் கதை குழந்தைச் சமாச்சாரம் என்று நினைக்கிற தோழருக்கு இதைத்தான் சொன்னேன். ஒரு பேரைத் தாங்கிக்கொள்ள முடியாமல் பஸ்ஸில் ஏறாமல் நின்றார்கள், பெரிய மனுசங்க.

ஜான்சியின் ஜல்காரிபாயை வாசிக்கலாமா என்று பேச்சு வந்தது. கோரி சாதிப் பெண், 1858-இல் கோட்டை முற்றுகையில் ராணி தப்பிப் போவதற்காக ராணி வேசம் போட்டுக்கொண்டு எதிரில் போனவள் என்று மக்கள் சொல்கிற கதை. 'ராணி டிரெஸ்ஸு போட்டாத்தான் கதயில வரலாமா?' என்று கேட்டுப் பிள்ளைகளே தள்ளிவைத்தார்கள். இது கொஞ்சம் அநியாயம் என்று எனக்குப் பட்டது. ராணிக்காகச் சாகத் துணிந்தவளும் வீரிதானே. ஆனால் ஓட்டெடுப்பில் நான் தோற்றுவிட்டேன்.

அதன் பிறகுதான் அம்பேத்கர் எழுதிய விசாவுக்காகக் காத்திருக்கிறேன் என்கிற சின்னப் புத்தகத்தை எடுத்தேன். அவர் உயிரோடு இருந்தவரை அச்சில் வரவில்லை, 1990-இல்தான் வந்தது. அதில் முதலில் இருப்பது 1901-இல் நடந்தது. இங்கிலீசுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த தமிழில் நானே சொல்லிக்கொண்டு போனேன். கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்து 2011-இல் வந்த பீமாயணம் ஒரு பிரதி இருந்தது. படம் பார்க்க அது கைமாறிக்கொண்டே இருந்தது.

பெரியவங்க துணையில்லாமல் நாலு பசங்கள். பீம், அவர் அண்ணன், அக்கா பிள்ளைகள். அம்மா இல்லை. அப்பா கோரேகாவில் கணக்கு வேலையில் இருக்கிறார், கோடை விடுமுறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். புதுச் சட்டை, சரிகைக் குல்லா, பட்டுக்கரை வேட்டி, முதல் ரயில் பயணம். மசூர் ஸ்டேசனில் இறங்கினால் கூட்டிப்போக ஆளைக் காணோம். அப்பாவுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை. நல்ல துணி போட்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேசன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். 'மகார்' என்று சொன்னதும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர் ஒருத்தரும் வர மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி தந்தாலும் மறுக்கிறார்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு. கூலி இரட்டிப்பு, வண்டியைப் பசங்களே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் தீட்டுப்படாமல் கூடவே நடந்து வருவார்.

'அவங்களே மாட்டு வண்டி ஓட்டுனாங்களா?' கொட்டகையில் சந்தோசம். இந்தச் சாகசம் அவர்களுக்குத் தெரிந்த சாகசம். குதிரையை யாரும் பார்த்ததில்லை, மாட்டு வண்டி ஓட்டத் தெரியும். மூக்கணாங்கயிறை எப்படிப் பிடிக்கணும் என்று ஒருத்தன் செய்தே காட்டினான். இருட்டுகிறது. சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றோரத்தில் குட்டையாகக் கிடந்தது மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த சேறு. நடு ராத்திரியில் மலை அடிவாரத்துச் சுங்கச் சாவடி. அங்கே தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டதற்கு வண்டிக்காரர் ஒரு யோசனை சொல்கிறார். மகார் என்று சொல்லாதே, முசல்மான் என்று சொல்லிப் பார். பீம் போய் உருதுவில் கேட்கிறார்.

நான் நிறுத்தினேன். ஏழாவது படிக்கிற பெண் மெதுவாகச் சொன்னாள்: 'பொறப்ப மாத்திச் சொல்றாங்க.'

தண்ணீர் கிடைக்கவில்லை. உனக்காக யார் இங்கே தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மலை மேலே போய்க் குடி என்று சாவடிக்காரர் அனுப்பிவிட்டார். ரெண்டு பேர் தூங்க, ரெண்டு பேர் காவல் இருக்க என்று அண்ணன் முறை வைத்தார். தாகத்தோடு வண்டியிலேயே படுத்து, மறுநாள் முற்பகலில் கோரேகாவ் போய்ச் சேர்ந்தார்கள்.

வாசித்து முடித்தபோது நான் எதிர்பார்த்த அமைதியெல்லாம் இல்லை. ஒரே கூச்சல். அந்த வண்டிக்காரனுக்கு இரட்டைக் கூலி கொடுத்தது தப்பு என்று ஒரு கட்சி. கொடுக்காவிட்டால் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று ஒரு கட்சி. ஸ்டேசன் மாஸ்டர் நல்லவரா கெட்டவரா என்று ஒரு தகராறு. 'அந்தப் பையன் அப்பறம் என்னாக்கா பண்ணாரு?' என்று ஒருவன். 1927 மார்ச்சில் மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் எடுத்துக் குடித்தார், அதை அடுத்த வாரம் படிக்கலாம் என்றேன்.

'அடுத்த வாரம் மருத வீரன்' என்றது ஆயா. பழைய புத்தகமா என்று கேட்டேன். புத்தகம் எதுக்கு, நான் சொல்றேன், எழுதத் தெரிஞ்சவங்க எழுதிக்கங்க என்றது. அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறோம். அருந்ததியர் தெருப் பையன் நோட்டில் எழுதுகிறான், அவன் பாட்டியும் இப்போது வந்து உட்கார்ந்து திருத்தம் சொல்கிறது. ரெண்டு கிழவிகளுக்கும் பொம்மி ஆற்றைத் தாண்டுகிற இடத்தில் ஒத்துப்போகவில்லை. முதல் வரியில் மட்டும் தகராறு இல்லை, வீரன் சின்னானுக்கும் செல்லிக்கும் பிறந்தவன் என்று எழுதியாகிவிட்டது. நந்தனை எப்படி ஆரம்பிப்பது என்று அந்தப் பெண் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் நோட்டில் ஆதனூர் என்ற ஊர்ப்பேர் மட்டும் இருக்கிறது, கீழே வெறும் பக்கம்.